அப்பார்க்: எரிவதற்கு முந்தைய நாள்

1989 ஆகஸ்ட் 30, பிற்பகல். தென் இங்கிலாந்தின் வெஸ்ட் சசெக்ஸில், சவுத் டவுன்ஸ் குன்றுகளின் உச்சியில் இருக்கும் அப்பார்க் மாளிகையைப் பார்வையாளர்கள் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேலே கூரையில் ஈயத் தகடுகளைச் சீர்செய்யும் வேலை. அது அநேகமாக முடிந்துவிட்டது. இன்னும் ஓரிரு நாளில் சாரத்தைப் பிரிக்க வேண்டியதுதான் பாக்கி. தகடுகளை நெருப்பு வைத்து இணைத்தபோது சூடு அடியிலிருந்த மரத்துக்குப் போயிருக்கிறது. 300 ஆண்டுகள் காய்ந்த மரம். பார்வையாளர்களை வெளியே அனுப்பி முடிப்பதற்குள் கூரை எரியத் தொடங்கிவிட்டது.

மறுநாள் அங்கே நின்றது நான்கு பக்கச் செங்கல் சுவர்கள். கூரை இல்லை, பரண் இல்லை, மாடி இல்லை. கீழ்த்தள அறைகளில் ஆள் உயரத்துக்கு ஈரக் கரியும் காரையும் குவிந்து கிடந்தன. ஆனால் ஆறே ஆண்டுகளில், 1995இல், அதே வீடு மறுபடியும் பார்வையாளர்களுக்குத் திறந்தது. உள்ளே போனவர்கள் பார்த்தது புத்தம் புதிய மாளிகையை அல்ல. கொஞ்சம் மங்கிய, கொஞ்சம் தேய்ந்த, பழைய வீடு. அந்த மங்கலையும் சேர்த்தே திரும்பக் கட்டியிருந்தார்கள்.

இது சரியா, பொய்யா, அல்லது இரண்டும் கலந்ததா என்ற சண்டை அன்று தொடங்கியது; இன்னும் ஓயவில்லை. அதைப் பேசுவதற்கு முன் அந்த வீடு எப்படி உருவானது என்று பார்த்துவிடலாம். எதைத் திரும்பக் கொண்டுவந்தார்கள் என்பது அப்போதுதான் புரியும்.

குன்றின் மேல் ஒரு வீடு

உச்சியில் வீடு கட்டினால் காட்சி கிடைக்கும், தண்ணீர் கிடைக்காது. வானம் தெளிவாக இருக்கும் நாளில் அப்பார்க்கிலிருந்து தெற்கே கடல் வரைக்கும் தெரியும். ஆனால் 17ஆம் நூற்றாண்டில் அவ்வளவு உயரத்துக்குத் தண்ணீர் ஏற்றுவது லேசுப்பட்ட காரியமா? அந்த நிலம் எட்வர்ட் ஃபோர்டு என்பவரின் குடும்பத்துச் சொத்து. அவர் தண்ணீர் இறைக்கும் இயந்திரங்களில் கெட்டிக்காரர். லண்டனில் தேம்ஸ் ஆற்று நீரை மேட்டுத் தெருக்களுக்கு ஏற்றிக் காட்டியவர். அவருடைய நீரேற்று வித்தை இல்லாவிட்டால் அந்தக் குன்றில் இவ்வளவு பெரிய வீடு வந்திருக்காது என்று வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள்.

வீட்டைக் கட்டியவர் அவருடைய மகள் வயிற்றுப் பேரன், ஃபோர்டு கிரே. ஆள் லேசுப்பட்டவர் இல்லை. மனைவியின் தங்கையோடு ஓடிப்போய் 1682இல் நீதிமன்றம் ஏறினார். அரசருக்கு எதிரான சதியில் மாட்டினார். 1685இல் மன்மத் கோமகனின் கிளர்ச்சியில் குதிரைப் படைக்குத் தலைமை தாங்கித் தோற்றார். கூட்டாளிகளுக்கு எதிராகச் சாட்சி சொல்லித் தலையைக் காப்பாற்றிக்கொண்டார். அடுத்த அரசர் வில்லியம் வந்ததும் நல்ல பிள்ளையாகி, 1695இல் டாங்கர்வில் பிரபு ஆனார். இப்படிப்பட்ட ஒருவர் 1690 வாக்கில் கட்டிய வீடு, ஆளுக்கு நேர்மாறாக, மிக ஒழுங்கானது. சிவப்புச் செங்கல், மூலைகளிலும் சன்னல் ஓரங்களிலும் வெள்ளைக் கல். தெற்கு முகப்பில் வரிசைக்கு ஒன்பது சன்னல்கள், நடுவில் ஒரு முக்கோண முகடு, மேலே நாற்புறமும் சரியும் கூரை, அதில் சின்னக் கூரைச் சன்னல்கள். டச்சுக்காரர்களின் வீடுகளைப் பார்த்து ஆங்கிலேயர்களுக்குப் பிடித்துப்போன பாணி இது. குழந்தைகள் வீடு வரையச் சொன்னால் வரைவார்களே, அதைக் கொஞ்சம் பெரிதாக்கினால் அப்பார்க். வடிவமைத்தவர் வில்லியம் டால்மன் என்று சொல்வது வழக்கம். கையெழுத்திட்ட வரைபடம் எதுவும் இல்லை என்பதால் அதை வழக்கம் என்ற அளவிலேயே விட்டுவிடலாம்.

1747இல் மேத்யூ ஃபெதர்ஸ்டன்ஹா என்ற இளைஞர் 19,000 பவுண்டு கொடுத்து வீட்டை வாங்கினார். தூரத்து உறவினர் ஒருவர் விட்டுப்போன சொத்து, ஏறத்தாழ 4,00,000 பவுண்டு, அவர் கைக்கு அப்போதுதான் வந்திருந்தது. மனைவி சாராவோடு இத்தாலிக்குப் போனார். பொம்பேயோ பட்டோனியிடம் உட்கார்ந்து குடும்பப் படங்கள் வரைந்துகொண்டார். பெட்டி பெட்டியாகப் பொருள் வாங்கி வந்து வீட்டை உள்ளே மாற்றத் தொடங்கினார். வெளிச்சுவரை அவர் பெரிதாகத் தொடவில்லை. உள்ளே சிவப்புச் சுவர்த்தாள், பொன்பூச்சு, கூரையின் அடிப்பக்கம் முழுக்கச் சுதை வேலை. வெள்ளையும் பொன்னுமான பெரிய கூடம் 1770 வாக்கில் முடிந்தது. அவருடைய லண்டன் வீட்டைக் கட்டிய ஜேம்ஸ் பெய்னின் கை இங்கேயும் இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம். நாம் இன்று அப்பார்க் என்று சொல்லும் உள்பக்கம் பெரும்பாலும் இந்த மேத்யூவும் சாராவும் செய்தது.

மகன் ஹாரி வேறு ரகம். பிற்பாடு கடற்படைத் தளபதி நெல்சனின் காதலியாகப் பெயர்பெற்ற எம்மா, அப்போது வயது பதினாறு, கொஞ்ச காலம் இந்த வீட்டில் இருந்தார். பட்டத்து இளவரசர் குதிரைப் பந்தயத்துக்கு வந்து போனார். 1810க்குப் பிறகு தோட்டக் கலைஞர் ஹம்ஃப்ரி ரெப்டனைக் கூப்பிட்டு வாசலையே வடக்குப் பக்கம் திருப்பிவைத்தார் ஹாரி. தூண் வைத்த முகமண்டபம் அப்போது வந்ததுதான். சாப்பாட்டு அறையை ஒட்டி ஒரு பரிமாறும் அறையும், அதில் வண்ணக் கண்ணாடிச் சன்னலும் வைத்தார்கள். இரவில் கண்ணாடிக்குப் பின்னால் விளக்கேற்றி வைத்தால் விருந்தாளிகளுக்கு நிறம் ஒளிரும். சமையல் கட்டும் லாயமும் வீட்டை விட்டுத் தள்ளித் தனிக் கட்டடங்களில். நடுவில் நிலத்தடிச் சுரங்கப் பாதைகள். வேலைக்காரர்கள் புல்வெளியில் நடமாடினால் காட்சி கெட்டுவிடுமாம்.

அப்புறம் 1825இல், 70 வயதில், ஹாரி தன் பால்பண்ணையில் வேலை செய்த மேரி ஆன் புல்லக்கைக் கல்யாணம் செய்துகொண்டார். பெண்ணுக்கு இருபது சொச்சம். “இப்போதே பதில் சொல்ல வேண்டாம், சம்மதம் என்றால் இன்றைக்கு எனக்கு வரும் ஆட்டுத் தொடையில் ஒரு துண்டு வெட்டி அனுப்பு” என்று அவர் கேட்டதாகவும், அன்றிரவு துண்டு வெட்டிய தொடை மேசைக்கு வந்ததாகவும் கதை. நிஜமோ பொய்யோ, நல்ல கதை.

இந்தக் கல்யாணம்தான் அப்பார்க்கின் கட்டட வரலாற்றில் பெரிய திருப்பம் என்பது என் எண்ணம். 1846இல் 90 வயதைத் தாண்டி ஹாரி இறந்தார். மேரி ஆன் 1874 வரை இருந்தார். அவருக்குப் பின் தங்கை ஃபிரான்சிஸ், 1895 வரை. அரை நூற்றாண்டு இரண்டு சகோதரிகளும் வீட்டில் எதையும் மாற்றவில்லை. ஹாரி ஐயா வைத்திருந்தபடியே எல்லாம் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அக்கம்பக்கத்துப் பிரபுக்கள் விக்டோரியா காலத்து மோகத்தில் கோபுரமும் கண்ணாடி மண்டபமும் கட்டிக்கொண்டிருந்தபோது, பால்காரப் பெண்ணின் விசுவாசம் இந்த வீட்டை 18ஆம் நூற்றாண்டிலேயே நிறுத்திவைத்தது. ஃபிரான்சிஸின் காலத்தில் வீட்டு நிர்வாகியாக இருந்த சாரா வெல்ஸின் மகன் அந்தச் சுரங்கப் பாதைகளைப் பார்த்து வளர்ந்தான். பின்னாளில் எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ். ‘டைம் மெஷின்’ நாவலில் மண்ணுக்கடியில் வாழ்கிற ஒரு வர்க்கத்தை அவர் எங்கிருந்து பிடித்தார் என்று யாரும் ரொம்ப யோசிக்க வேண்டியதில்லை.

1930களில் வீட்டுக்கு வந்த மெக் மீட்-ஃபெதர்ஸ்டன்ஹா சீமாட்டியையும் சொல்லாமல் விட முடியாது. இற்றுப்போன 18ஆம் நூற்றாண்டுத் திரைச்சீலைகளைத் தூக்கி எறியாமல், சபோனாரியா என்ற செடியின் நுரைக்கும் சாற்றில் அலசி, நூல் நூலாகத் தைத்து மறுபடி தொங்கவிட்டார். நாம் பட்டைப் பூந்திக்கொட்டையில் அலசும் அதே வித்தை. 1954இல் குடும்பம் வீட்டை நேஷனல் டிரஸ்ட் என்ற பாரம்பரியப் பாதுகாப்பு அறக்கட்டளையிடம் கொடுத்தது. மாடியில் மட்டும் குடும்பத்தினர் தொடர்ந்து குடியிருந்தார்கள்.

தீ போன வழி

பழைய வீட்டில் தீ எங்கே பிடிக்கிறது என்பது, எவ்வளவு பிழைக்கும் என்பதைத் தீர்மானிக்கிறது. அப்பார்க்கில் தீ உச்சியில் பிடித்தது. சூடு மேலே போகும். ஆகவே கூரை எரிந்து, பரண் எரிந்து, மாடித் தளம் எரிந்து, ஒவ்வொன்றாகக் கீழே விழுந்து வரச் சில மணி நேரம் ஆனது. அந்தச் சில மணி நேரம்தான் எல்லாம்.

ஊழியர்கள், குடும்பத்தினர், தீயணைப்பு வீரர்கள், உதவிக்கு வந்தவர்கள் என எல்லோரும் வரிசையாக நின்று படங்களையும் நாற்காலிகளையும் பீங்கானையும் கைமாற்றிப் புல்வெளிக்குக் கொண்டுவந்தார்கள். எடுக்க முடியாததைச் சுவரிலிருந்து பிய்த்தார்கள். சுவர்த்தாள்கூடக் கிழித்த துண்டுகளாக வெளியே வந்தது. சாரா சீர்வரிசையோடு கொண்டுவந்த பொம்மை வீடு தப்பியது. கீழ்த்தளத்துப் பொருட்களில் மிகப் பெரும் பகுதி தப்பியது. உயிர்ச்சேதம் இல்லை. மாடியில் குடியிருந்த குடும்பத்தின் உடைமைகள் போயின.

கீழ்த்தள அறைகளுக்கு மேலே இருந்த சுதை வேலை விழுந்து நொறுங்கியது. ஆனால் சுவர்ப் பலகைகள், கதவுச் சட்டங்கள், கணப்பு அடுப்பின் பளிங்கு முகப்புகள் கரிந்தும் வெடித்தும் பெரும்பாலும் இடத்திலேயே நின்றன. செங்கல் சுவர்களும் நின்றன.

கட்டுவதா, விடுவதா

ஓரிரு மாதத்துக்குள் நேஷனல் டிரஸ்ட் முடிவெடுத்தது: கட்டுகிறோம். அதுவும் எப்படி? தீப்பிடித்ததற்கு முந்தைய நாள் வீடு எப்படி இருந்ததோ, இயன்றவரை அப்படி.

இங்கிலாந்தில் இப்படிச் சொன்னால் அடி விழும். 1877இல் வில்லியம் மாரிஸ் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கியதே, பழையதைப் புதிதாகச் செய்துவைத்து அதுவே பழையது என்று காட்டும் பழக்கத்துக்கு எதிராகத்தான். ஒட்டுப் போடு, தாங்கு கொடு, நாளும் கவனி, போனது போனதுதான். ஒரு நூற்றாண்டாகப் பள்ளிப் பாடம்போல ஊறிய கொள்கை இது. அப்படிப்பட்ட ஊரில், எரிந்துபோன சுதைப் பூக்களை மறுபடி செய்யப்போகிறோம் என்பது அபச்சாரம். சுவர்களை மட்டும் நிறுத்திப் பாழடைந்த மாளிகையாக வைத்துவிடலாம் என்றார்கள் சிலர். உள்ளே நவீனமாக ஏதாவது கட்டலாம் என்றார்கள் வேறு சிலர்.

டிரஸ்ட்டின் வாதம், தப்பியது இவ்வளவு இருக்கிறதே என்பது. மேசையும் படமும் திரையும் பலகையும் பிழைத்திருக்க, அவை எந்த அறைக்காகச் செய்யப்பட்டனவோ அந்த அறை மட்டும் இல்லையென்றால், அவற்றைப் பிரித்து அருங்காட்சியகங்களுக்கு அனுப்ப வேண்டியதுதான். நியாயமான வாதம். கூடவே இன்னொன்றும் இருந்தது: காப்பீடு. திரும்பக் கட்டினால்தான் முழுத் தொகை. கட்டாமல் விட்டால் கைக்கு வருவது மிகக் குறைவு. வேலை முடிந்தபோது செலவு 2 கோடி பவுண்டு அளவுக்குப் போயிருந்தது. அந்தப் பணம் வேறு எதற்கும் செலவாகியிருக்க முடியாது. கொள்கை விவாதங்களை இன்று படிக்கும்போது இந்தக் காப்பீட்டு விதியைப் பலர் அடிக்குறிப்பாகத் தள்ளிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் அதை முதல் பக்கத்தில் வைத்திருக்க வேண்டும்.

“முந்தைய நாள்” என்ற இலக்கு கேட்க எளிமை, உண்மையில் விசித்திரம். 1690ஐத் திரும்பக் கட்டுவதில்லை. மேத்யூவின் 1770ஐயும் இல்லை. 1989 ஆகஸ்ட் 29ஐ. அதாவது மேத்யூ போட்ட பூச்சு, ரெப்டனின் வாசல், சகோதரிகள் தொடாமல் விட்ட தூசு, மெக் சீமாட்டியின் தையல், வெயில் தின்ற நிறம், எல்லாம் சேர்ந்த ஒரு நாள். பொலிவாக்கலாம் என்ற ஆசைக்குக் கதவடைத்தது இதன் பலம். எந்த நூற்றாண்டு அசல் என்று உட்கார்ந்து சண்டை போட வேண்டியதில்லை. புகைப்படத்தை எடு, அதைப் போலச் செய். ஆனால் மாடிக்கு இந்த விதி பொருந்தவில்லை. அங்கே பிடித்துக்கொள்ள ஒரு துரும்பும் மிஞ்சவில்லை. எனவே வெளித்தோற்றமும் கூரையும் பழையபடி, உள்ளே இன்றைய தேவைக்கான அறைகள். சான்று இருக்கும் இடத்தில் நகல். சான்று இல்லாத இடத்தில் நடிப்பு வேண்டாம்.

3,860 தொட்டிகள்

முதல் வேலை குப்பை அள்ளுவது. அதைக் குப்பையாக நினைக்காமல் அள்ளியதுதான் இந்த நிகழ்வில் எல்லோரும் படிக்க வேண்டிய பகுதி. தொல்லியல் அகழாய்வில் செய்வதுபோல ஒவ்வொரு அறையையும் கட்டம் கட்டமாகப் பிரித்தார்கள். எந்தக் கட்டத்தில் எது விழுந்திருந்தது என்று குறித்துக்கொண்டு, கரியையும் காரையையும் குப்பைத் தொட்டிகளில் நிரப்பி அடுக்கினார்கள். மொத்தம் 3,860 தொட்டிகள். பிறகு சலித்தார்கள். கதவுக் கீல், பூட்டு, கண்ணாடித் தொங்கல், செதுக்கிய இலையின் பாதி, சுதைப் பூவின் ஒரு இதழ். இந்தக் கட்டத்தில் கிடைத்த இதழ் அதற்கு நேர் மேலே இருந்த பூவுடையது என்பதால், துண்டுகள் தாமே தங்கள் இடத்தைச் சொல்லின.

இதற்கிடையே வீட்டின் மேல் பெரிய சாரம் எழுப்பி, அதன் மேல் தற்காலிகக் கூரை போட்டார்கள். தீயை அணைக்கப் பீய்ச்சிய தண்ணீர் முழுக்கச் சுவருக்குள் இருந்தது. தடித்த செங்கல் சுவர் அவசரமாகக் காயாது, அவசரப்படுத்தினால் வெடிக்கும், ஈரம் நின்றால் மிஞ்சிய மரத்தைப் பூஞ்சணம் தின்னும். எரிந்த வீட்டை இரண்டாம் முறை கொல்வது பெரும்பாலும் இந்த ஈரம்தான்.

அடுத்தது சுதை. இங்கேதான் பெரிய முட்டுக்கட்டை. இன்றைய அலங்காரக் காரை வேலை அச்சில் வார்த்து ஒட்டுவது. ஒரு பூவைப் போலவே நூறு பூ. தொட்டியிலிருந்து எடுத்த துண்டுகளைப் பார்த்தால் ஒரு பூவைப் போல இன்னொன்று இல்லை. 18ஆம் நூற்றாண்டுக் கைவினைஞர்கள் சாரத்தில் மல்லாந்து, ஈரச் சுண்ணாம்புக் காரையை நேரடியாகக் கையாலும் சின்னக் கரண்டியாலும் பிடித்துப் பிடித்து இலையும் கொடியும் செய்திருக்கிறார்கள். காரைக்குள் விலங்கு மயிர். ரீப்பர்களின் இடுக்குகளில் பிதுங்கி அந்தப் பக்கம் கொக்கிபோல மடங்கி இறுகிய காரைதான் அத்தனை கனத்தையும் 200 ஆண்டுகள் தாங்கியது. சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சி மெதுவாகத்தான் கல்லாகும். அந்த மெதுவில்தான் கைக்கு நேரம் கிடைக்கிறது. சிமென்ட்டும் ஜிப்சமும் பழகிய கொத்தனார்களுக்கு அந்தப் பொறுமை கைவிட்டுப் போயிருந்தது.

ஆகவே கற்றுக்கொண்டார்கள். கலவையைப் பிரித்துப் பார்த்து, பலமுறை சேர்த்துக் கெடுத்து, மறுபடி சேர்த்து, ஒரு குழு அந்த வித்தையைப் புதிதாகப் பழகியது. சிற்பக் கை உள்ளவர்களைச் சேர்த்துக்கொண்டது பலன் தந்தது. வீட்டோடு சேர்த்து ஒரு தொழிலும் திரும்ப வந்தது. பிரிட்டனில் சுண்ணாம்பு வேலைக்குக் கடந்த 30 ஆண்டுகளில் வந்த மதிப்பில் அப்பார்க்குக்குப் பெரிய பங்கு உண்டு.

மரச் செதுக்கலில் கரிந்த அசல் துண்டை வீசாமல், குறையை மட்டும் புது மரத்தில் செதுக்கிப் பொருத்தினார்கள். வண்ணத்திலும் அதே நியாயம். பிழைத்த பழைய பூச்சைச் சுரண்டிவிட்டு மொத்தமாக ஒரே வெள்ளை அடித்திருந்தால் வேலை பாதியாகியிருக்கும். மாறாக, பழசை விட்டுவைத்து, புதிய பகுதியைப் பழசின் மங்கலுக்கு இறக்கினார்கள். புதிதாக அச்சிட்ட சுவர்த்தாளும், கிழித்து மீட்ட பழைய துண்டுகளின் வெளிறலுக்கு ஒத்துப்போக வேண்டியிருந்தது. வெயில் இரண்டு நூற்றாண்டில் செய்ததை ஒரு மனிதன் ஒரு மாதத்தில் தூரிகையால் செய்வது! மாரிஸ் உயிரோடு இருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்.

எனக்கும் இந்த மங்கல் விஷயத்தில் முழு சம்மதம் இல்லை. சுதைக்குச் சான்று துண்டு துண்டாகக் கையில் இருந்தது. அதைப் பார்த்துச் செய்தது நேர்மையான வேலை. செயற்கையாக முதுமை ஏற்றுவது வேறு. ஆனால் வேறென்ன செய்திருக்க முடியும் என்று கேட்டால் என்னிடம் நல்ல பதில் இல்லை. பாதிச் சுவர் பளபளவென்றும் பாதி கருத்தும் இருந்தால் கண் அந்தக் கோட்டைத்தான் பார்க்கும், அறையைப் பார்க்காது.

அதே அறக்கட்டளை, வேறு தீ

அப்பார்க் வேலை நடந்துகொண்டிருக்கும்போதே, 1992 நவம்பரில், விண்ட்சர் கோட்டை எரிந்தது. அங்கே கலப்பு வழி: சில அறைகளை இருந்தபடி மீட்டார்கள், செயின்ட் ஜார்ஜ் மண்டபத்துக்குப் புதிய ஓக் மரக் கூரையைப் புதிய வடிவத்தில் போட்டார்கள். ஐந்தே ஆண்டில் முடித்துவிட்டார்கள்.

உண்மையான ஒப்பீடு கிளாண்டன் பார்க். சர்ரே மாவட்டத்தில், இத்தாலியர் ஜாகமோ லியோனி 18ஆம் நூற்றாண்டில் வடிவமைத்த மாளிகை. இதுவும் நேஷனல் டிரஸ்ட்டுடையது. 2015 ஏப்ரல் 29 அன்று நிலவறையில் மின் இணைப்புப் பெட்டியில் ஏற்பட்ட கோளாறில் தீ தொடங்கியது. தொடங்கிய இடம் அடித்தளம். லிஃப்ட் குழி வழியாக மேலேறிக் கூரையைப் பிடித்தது. அப்பார்க்கில் கிடைத்த அந்தச் சில மணி நேரம் இங்கே கிடைக்கவில்லை. ஒரே ஒரு அறை அநேகமாக முழுசாகத் தப்பியது.

முதலில் முக்கிய அறைகளை மீட்போம் என்ற டிரஸ்ட், 2022இல் மனம் மாறியது. கூரையும் சன்னலும் போடுவோம். உள்ளே எரிந்தது எரிந்தபடியே நிற்கட்டும். சுவர் எப்படிக் கட்டப்பட்டது, கணப்புக் குழாய் எங்கே ஓடுகிறது என்று மக்கள் பார்க்கட்டும் என்றது. எதிர்ப்பு பலமாகக் கிளம்பியது. அப்பார்க்கை மீட்டீர்களே, இதை ஏன் விடுகிறீர்கள்? கேட்டவர்கள் தீ எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்பதையும் கணக்கில் எடுத்திருக்கலாம். அப்பார்க்கில் திரும்பி வைக்கப் பொருள் இருந்தது, ஒட்டிப் பார்க்கத் துண்டு இருந்தது. கிளாண்டனில் இரண்டும் சொற்பம்.

இன்று அப்பார்க்கின் பெரிய கூடத்தில் போய் நின்றால் சுற்றிலும் மேத்யூவின் காலத்துப் பலகைகள். அவற்றில் சிலவற்றில் புது மரம் பொருத்திய இணைப்பு, கிட்டே போனால் மட்டும் தெரியும். தலைக்கு மேலே இலைகளும் கொடிகளும், ஒன்றைப் போல ஒன்று இல்லாமல், 1990களில் செய்தவை. அதற்கும் மேலே, பார்வையாளர்கள் ஏறாத மாடியில், சாதாரண வெள்ளைச் சுவர்கள்.